மகளைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதுங்கள்

சங்ககிரி, தேவூர், மகுடஞ்சாவடி, திருச்செங்கோடு பக்கம் இருந்துகொண்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க விசாவுக்கு எழுதிப்போடும் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கெழுதினேன். உங்கள் வண்டிகளின் ஆர்சி புக், பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் என் கை வழியாகப் போனவை. எந்த வண்டிக்கு எந்தத் தேதியில் எஃப்சி முடிகிறது என்று நான் சொல்வதற்குள் நீங்களே சொல்லிவிடுவீர்கள். லோடு எவ்வளவு அவசரமானாலும், பேப்பர் பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் டிரைவர் கையில் சாவியைக் கொடுப்பீர்கள். அப்படிப்பட்ட நீங்கள், உங்கள் சொந்தப் பேரில் இன்னொரு நாட்டு அரசாங்கத்துக்குப் போகிற விண்ணப்பத்தை மட்டும் ஒரு வரி கூடப் படிக்காமல் அனுப்புகிறீர்கள். யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டுகிறார். நீங்கள் பக்கத்து நாற்காலியில் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

இதை நான் உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. என் அக்காவை அப்படி உட்கார வைத்தவனே நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அக்கா மகள் டல்லாஸில் இருக்கிறாள். தலைப் பிரசவம். மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர், அங்கே கூடமாட யாரும் இல்லை. அப்போது அமெரிக்க விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2022 கடைசியில் சென்னையில் முதல் முறை விண்ணப்பிப்பவர்கள் காத்திருக்க வேண்டிய நாள் 900-ஐத் தாண்டியிருந்தது. அதற்குள் ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிடும். தேதி பிடித்துத் தருகிறேன் என்று ஒரு ஏஜெண்ட் சொன்னார். அக்காவை அவரிடம் கூட்டிப்போனேன். கேட்ட பணத்தைக் கொடுத்தேன். எப்படியோ தேதியும் வந்தது.

சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி விடிகாலையில் சென்னையில் இறங்கினோம். முதல் நாள் விசா மையத்தில் கைரேகையும் போட்டோவும் எடுத்தார்கள். மறுநாள் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம். உள்ளே போனைக் கொண்டு போகக் கூடாது என்பதால் அக்காவின் கைப்பையையும் போனையும் வாங்கிக்கொண்டு நான் எதிர்ப்புறம் நடைபாதையில் நின்றேன். அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் பட்டா, சிட்டா, பேங்க் ஸ்டேட்மெண்ட், மச்சானின் வருமானவரிக் காகிதம் என்று ஏஜெண்ட் சொன்னதெல்லாம் இருந்தது.

உள்ளே ஜன்னலில் இருந்த அதிகாரி தமிழிலேயே பேச ஏற்பாடு செய்தாராம். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அக்கா உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்: "பொண்ணுக்கு ஏழு மாசமுங்க. புள்ளப்பேறு பாக்கோணுமுங்க." அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் நெருங்கிய சொந்தம் யாரும் இல்லை என்று விண்ணப்பத்தில் இருக்கிறதே என்றிருக்கிறார். நயாகராவும் ஆர்லாண்டோவும் சுற்றிப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே என்றிருக்கிறார். தொழில், ஜவுளி வியாபாரம் என்று இருந்ததாம். அக்கா ஆயுசில் ஒரு துண்டு விற்றதில்லை. அவளுக்குத் தெரிந்தது மூன்று ஏக்கர் தோட்டமும் இரண்டு எருமையும். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். நான்கைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்து, ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஃபைலை யாரும் திறக்கவே இல்லை.

அவள் வெளியே வருவதற்குள் என் கையில் இருந்த அவள் போன் மூன்று தடவை அடித்தது. மகள்தான். அங்கே நடுராத்திரி. நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

சுக்கும் மிளகும் திப்பிலியும் வறுத்து இடித்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, நல்லெண்ணெய் ஊற்றி அக்கா பண்ணி வைத்திருந்த பிரசவ லேகியம் அப்படியே ஒரு எவர்சில்வர் தூக்கில் இருந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது பக்கத்தில் இருந்தது ஆஸ்பத்திரி நர்ஸும் மாப்பிள்ளையும் மட்டும்தான். இப்போது பேரனுக்கு இரண்டரை வயது. "அமுச்சி" என்றால் அவனுக்குப் போனுக்குள் இருக்கும் ஒரு முகம்.

ஊருக்கு வந்த பிறகு ஏஜெண்டைக் கேட்டேன், ஏன் அப்படி எழுதினீர்கள் என்று. அவர் சொன்ன பதிலை உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள், நம்பியும் இருப்பீர்கள்: "மகள் அங்க இருக்கறான்னு எழுதுனா, போய் அங்கயே தங்கிக்குவீங்கன்னு விசா குடுக்க மாட்டாங்க. அதனால எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம்."

எல்லாருக்கும் இப்படித்தான். அந்தச் சொல்தான் இந்த மடலை எழுத வைத்தது.

அவர் சொன்னது எவ்வளவு தப்பு என்று பிறகு நானே உட்கார்ந்து அந்தப் படிவத்தை முழுக்கப் படித்தபோதுதான் தெரிந்தது. டிஎஸ்-160 என்று அதற்குப் பேர். பார்க்கப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் நிரப்புவது அதைத்தான். அதில் ஒவ்வொருவரிடமும் அப்பா பெயர், அம்மா பெயர், அவர்கள் பிறந்த தேதி எல்லாம் கேட்கிறார்கள். உங்கள் மகள் வேலை விசாவுக்கு எழுதியபோதே உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள். உங்கள் பிறந்த தேதியையும் கொடுத்துவிட்டாள். அது அவர்களிடம் இருக்கிறது. இப்போது நீங்கள் எனக்கு அங்கே யாருமே இல்லை என்று எழுதினால், பெற்ற மகளையே மறுக்கிற மாதிரி அவர்கள் கண் முன்னால் நிற்கிறீர்கள்.

இன்னொன்று. 1952-இல் வந்த அவர்களுடைய குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. அக்கா கையில் கொடுத்த தாளில் இருந்ததும் அதே எண்தான். பார்வையாளர் விசா கேட்டு வரும் எவரையும், அங்கேயே குடியேறும் எண்ணத்தோடு வருகிறவராகத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு வந்தவருடையது என்கிறது அந்தப் பிரிவு. மகள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோடீஸ்வரரானாலும் கூலிக்காரரானாலும், எல்லார் மேலும் அதே சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது எது? இங்கே உங்களுக்கு இருக்கிற வாழ்க்கை. மச்சான் இங்கே தனியாக இருக்கிறார். எருமைக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும். மஞ்சள் வெட்டுக்கு அக்கா இல்லாமல் ஆகாது. திரும்பி வருவதற்கு அவளுக்கு இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்? அந்த வாழ்க்கையைத்தான் ஏஜெண்ட் அழித்துவிட்டு, இல்லாத ஒரு ஜவுளிக் கடையை எழுதினார். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போவது அந்த விசாவில் குற்றமே இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எதைச் சொன்னால் காரியம் நடந்திருக்குமோ, அதை மறைக்கத்தான் நாங்கள் பணம் கொடுத்தோம்.

அக்காவுக்கு ஏதோ நல்ல நேரம், சாதாரண மறுப்போடு போயிற்று. இதே பொய்யை வேண்டுமென்றே சொன்னதாக அவர்கள் எழுதிவிட்டால், அமெரிக்கச் சட்டப்படி அது ஆயுள் முழுக்கத் தொடரும் தடை. தனியாக விலக்குக் கேட்டு வாங்கினால்தான் பிறகு நுழைய முடியும். கனடாவில் பொய்த் தகவலுக்கு 5 வருஷம் கதவை மூடிவிடுகிறார்கள். பிரிட்டனில் போலிக் காகிதம் கொடுத்தால் 10 வருஷம். ஆஸ்திரேலியாவில் 3 வருஷம். எழுபது வயதுக்காரருக்கு 10 வருஷத் தடை என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தில் தட்டியது ஏஜெண்ட். தடை விழுவது உங்கள் பாஸ்போர்ட்டில். அந்த ஏஜெண்ட் மறுநாள் காலையில் வழக்கம்போல் கடையைத் திறந்து அடுத்தவருக்கு அதையே தட்டிக்கொண்டிருப்பார்.

பேங்க் கணக்கு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். விசாவுக்குக் காட்ட வேண்டும் என்று பத்து லட்சம், பதினைந்து லட்சம் வட்டிக்கு வாங்கி ஒரு மாதம் கணக்கில் போட்டு வைத்திருப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். வண்டியை எஃப்சி சோதனைக்குக் கொண்டுபோகும்போது பக்கத்து வண்டியின் நல்ல டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு போனவர்களையும் எனக்குத் தெரியும். எஃப்சி கிடைத்துவிடும். ஆனால் தொப்பூர் இறக்கத்தில் வண்டி இறங்கும்போது பழைய டயர்தான் மாட்டியிருக்கும். கடன் வாங்கிப் போட்ட பணம் பேங்க் ஸ்டேட்மெண்டில் பளிச்சென்று தெரிகிறது: ஐந்து மாதமாக நாற்பதாயிரம் இருந்த கணக்கில் திடீரென்று பன்னிரண்டு லட்சம். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? செலவு முழுக்க மகன்தான் பார்க்கிறான் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். பிள்ளை சம்பாதித்து அம்மாவைக் கூப்பிடுவதில் மறைக்க என்ன இருக்கிறது? அதற்குப் போய் வட்டி கட்டி, நில மதிப்புச் சான்றுக்கு வேறு தனியாகச் செலவு செய்து, கடைசியில் யாரும் திறக்காத ஃபைலைத் திருப்பிக் கொண்டு வருகிறீர்கள்.

இந்த விசா முறை நியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆங்கிலத்தில் மட்டும்தான் பதில் எழுத வேண்டும் என்கிற படிவம். அதில் பயங்கரவாதியா, போதைப்பொருள் கடத்தினாயா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். கட்டணம் 185 டாலர், நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல்; மறுத்தாலும் திரும்பி வராது, மேல்முறையீடும் கிடையாது. மறுபடி போக வேண்டுமானால் மறுபடி கட்ட வேண்டும். 80 வயதைத் தொட்டவர்களுக்கு நேர்காணல் வேண்டாம் என்று முன்பு இருந்த சலுகையும் 2025 செப்டம்பரோடு போய்விட்டது. இடுப்பு நிமிராத பாட்டியும் இப்போது சென்னைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். தேதிகளை இயந்திர நிரல் வைத்து மொத்தமாகப் பிடித்து விற்கிறவர்கள் வேறு. 2025 மார்ச்சில் அப்படிப் பிடித்த ஏறத்தாழ 2,000 தேதிகளை இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகமே ரத்து செய்தது. காசு கொடுத்து அப்படித் தேதி வாங்கியவர்களில் நம்மைப் போன்றவர்களும் இருந்திருப்பார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பார்க்க ஒரு தாய் இத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருப்பது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அந்த வலிக்குப் பதிலாக நாம் பொய்யை எழுதிக் கொடுத்தால், நம் பக்கம் இருந்த நியாயமும் நம்மை விட்டுப் போய்விடுகிறது.

பெயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாக இருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். இரண்டு பெயரும் கீழே ஒன்றாக இருக்கும். அமெரிக்க விசாவில் அந்த மொத்தப் பெயரையும் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, நம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று மூன்றெழுத்து அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியாது என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தவர்கள் உண்டு. பதற வேண்டாம், அது அவர்கள் வழக்கம். ஆனால் அதைத் தவிர்ப்பதற்காகப் பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு பிரிப்பைப் படிவத்தில் நீங்களாகச் செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. ஊர்ப் பெயரும் அப்படித்தான். நம் ஸ்டேஷன் பலகையில் சங்கரிதுர்க், சிலர் ஆதாரில் சங்கரி, சிலருக்குச் சங்ககிரி. பிறந்த ஊர் பாஸ்போர்ட்டில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதுதான் படிவத்திலும். மகன் ஆரம்பித்துக் கொடுத்த ஃபேஸ்புக் கணக்கு இருந்தால் அதையும் கேட்பார்கள். இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள்.

விசா கிடைத்த பிறகு ஒரு வார்த்தை. பத்து வருஷ விசா என்றால் பத்து வருஷம் அங்கே இருக்கலாம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடவை போனால் எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார், வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். பேரக்குழந்தையோடு சேர்த்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் பார்த்துக்கொண்டு காசு வாங்குவது அந்த விசாவில் கூடாது. வருஷக்கணக்கில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்றால், கனடாவில் அதற்கென்றே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா என்று ஒன்று இருக்கிறது. ஒரு நுழைவில் 5 வருஷம் வரை இருக்கலாம். குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், பிள்ளையின் வருமானத்தையும் பார்ப்பார்கள். இருக்கிற நேர்வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் குறுக்கு வழிக்குப் பணம் கட்டாதீர்கள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஏஜெண்டிடம் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு ஒரு கை வேண்டும்தான். அந்தப் படிவமே அதை ஏற்றுக்கொள்கிறது: இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது, உதவியவர் பெயரும் முகவரியும் கேட்கிறார்கள். உங்கள் ஏஜெண்ட் அந்த இடத்தில் இல்லை என்று போட்டால், தன் பெயரை வைக்க அவருக்கே தைரியம் இல்லை என்று புரிந்துகொண்டு எழுந்து வாருங்கள். கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பொத்தான் வரும். யார் நிரப்பியிருந்தாலும் அதை அழுத்த வேண்டியவர் விண்ணப்பிப்பவர்தான் என்பது அவர்கள் விதி. அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் முழுப் படிவத்தையும் அச்செடுத்து வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். மகனையோ மகளையோ வீடியோவில் கூப்பிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் அதற்கு எழுதியிருக்கும் பதிலையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வேலை இருக்கிறது, ஏஜெண்ட் பார்த்துக்குவார் என்று பிள்ளை சொன்னால் விடாதீர்கள். உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் அதற்காக ஒரு மணி நேரம் உட்காரட்டும். எது உண்மையில்லையோ அதை மாற்றச் சொல்லுங்கள். முன்பு ஒரு தடவை மறுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள், அதற்கும் கேள்வி இருக்கிறது.

போய் வந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தங்கக் காசும் பாதாமும் கொண்டு வந்த கதையைச் சொல்கிற அளவுக்கு, அந்த ஜன்னலில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் முதல் தடவை எழுதிப்போடுகிறார் என்று தெரிந்தால், நீங்களாகப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பேப்பர் பார்க்கத் தெரிந்தவன் என்ற முறையில் நானும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டில்தான் இருப்பேன். அச்செடுத்த படிவத்தோடு வாருங்கள், சேர்ந்து படிக்கலாம். காசு எதுவும் வேண்டாம்.

அக்கா, இந்த மடல் உனக்கும்தான். மறுபடி எழுதிப்போடலாம் என்று எத்தனை தடவை சொன்னாலும், "அந்த ஜன்னல்ல போயி மறுபடி நிக்க மாட்டேன்டா" என்கிறாய். நீ அங்கே பொய் சொல்லவில்லை. நான் படிக்காமல் விட்டதற்காகத்தான் நீ தலைகுனிந்து நின்றாய். இந்தத் தடவை முதல் வரியிலிருந்து உன் வாயால் சொல்லு, நான் எழுதுகிறேன். அமெரிக்காவில் யார் இருக்கிறார்கள் என்ற இடத்தில் உன் மகள் பெயரை எழுதுவோம். தொழில், விவசாயம் என்று எழுதுவோம். முன்பு மறுத்தது உண்மை, படிவத்தில் தப்பு இருந்ததும் உண்மை என்று சொல்லுவோம். ஞாயிற்றுக்கிழமை பால் கறந்து முடித்த பிறகு வருகிறேன். பாஸ்போர்ட்டைப் பீரோவிலிருந்து எடுத்து வை.

அன்புடன்,
லாரி ஆபீஸில் கணக்கெழுதிய உங்கள் ஊர்க்காரன்,
சங்ககிரி